எரிகோ அரண்மனையைக் கட்டியவர் யார்?

கேள்வி (நல்லூர்):
யமுனா ஏரியின் பகர வடிவப் படிகளில் நிற்கும்போதெல்லாம், யாழ்ப்பாண மன்னரின் அரண்மனை அழிந்த பின்னும் அதன் நீராடுமிடம் எஞ்சியிருப்பதை எண்ணி வியப்பேன். பாலஸ்தீனத்தின் எரிகோ நகருக்கு வடக்கேயுள்ள கிர்பத் அல்-மஃப்ஜர் என்ற பாழடைந்த அரண்மனையிலும் குளியல் மண்டபமே பெரிதாகப் பேசப்படுகிறது. அந்த அரண்மனையைக் கட்டியவர் உமையா மரபைச் சேர்ந்த இஸ்லாமியப் பேரரசரான கலீபா ஹிஷாம்தானா?

பதில் 1:
724 முதல் 743 வரை ஆண்ட ஹிஷாமின் பெயர் எழுதப்பட்ட பளிங்குத் துண்டொன்று, 1930களில் திமித்ரி பராம்கி நடத்திய அகழ்வில் கிடைத்ததால் 'ஹிஷாமின் அரண்மனை' என்ற பெயர் நிலைத்தது. அவருடன் பணியாற்றிய றொபேட் ஹமில்டனோ, கலையிலும் களியாட்டத்திலும் நாட்டங்கொண்ட அடுத்த கலீபா இரண்டாம் வலீதே இதனைக் கட்டுவித்தார் என்று வாதிட்டார். அத்துண்டு காலத்தைக் காட்டுகிறதேயன்றிக் கட்டியவரை உறுதிசெய்யவில்லை என்பது என் கருத்து.

பதில் 2:
ஐயா, குளியல் மண்டபத்தின் தரையையும் சொல்லவேண்டும். 800 சதுர மீற்றருக்கும் அதிகமான பரப்பில், 38 வண்ணக் கம்பளங்களை விரித்தாற்போல் சிறு கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. அருகிலுள்ள சிறிய அறையில் ஒரு பழமரம். அதன் ஒருபுறம் இரு மான்கள் மேய, மறுபுறம் சிங்கமொன்று மானின்மீது பாய்கிறது. உயிருருவங்களை இஸ்லாமியக் கலை முற்றாக விலக்கியது என்று படித்திருந்த எனக்கு, இது பெரும் திருத்தமாக அமைந்தது.

கேட்டவர்:
மிக்க நன்றி. அது எப்போது இடிந்தது?

பதில் 1:
749இல் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் பெரும் சேதமுற்றது.