டப்பாவை மறந்த பிள்ளைக்கு அம்மா சோறு கொண்டுபோகலாமா?

தஞ்சைக்காரி:
வியன்னாவின் மனநல மருத்துவர் ஆல்ஃபிரட் ஆட்லர் சொன்ன வழியில் பிள்ளை வளர்ப்பது பற்றி வாத்தியார் எழுதியதைப் படித்து எனக்கு மனசே ஆறவில்லை. பிள்ளை சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனால் அம்மா எடுத்துக்கொண்டு ஓடக் கூடாதாம். ஒரு மத்தியானம் பசித்தால் மறுநாள் தானே பையில் வைக்குமாம். இரண்டாம் வகுப்புப் பிள்ளையைப் பட்டினி போட்டா பொறுப்பு கற்றுக்கொடுப்பது?

கணக்கு வாத்தியார்:
பட்டினி என்று நான் எங்கே எழுதினேன்? ஆட்லரோடு வேலை செய்த ருடால்ஃப் டிரைக்கர்ஸ் வியன்னாவிலிருந்து சிகாகோ போய்ப் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்த வழி இது. அடிக்காதே, திட்டாதே, "அப்பவே சொன்னேனே" என்று குத்திக்காட்டாதே; மறதியின் விளைவைப் பிள்ளையே பார்க்கட்டும். உடம்புக்கு ஆபத்து என்றால் இது பொருந்தாது என்றும் எழுதியிருந்தேன். அந்த வரியை மட்டும் எப்படித் தாண்டினீர்கள்?

தஞ்சைக்காரி:
ஏழு வயசில் பசி ஆபத்து இல்லையா சார்?

வைகைக்கரை:
அரசுப் பள்ளியில் இந்தக் கேள்வியே வராது. 1982-லேயே எம்.ஜி.ஆர். சத்துணவு போட்டுவிட்டார்.

நெல்லைத் தம்பி:
அண்ணே, காமராஜரை மறந்தாச்சா? அதற்கும் முன்னால் 1920-இல் நீதிக்கட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் சோறு போட்டது. வரலாறு தெரிந்து பேசுங்கள்.

வைகைக்கரை:
போன தடவை இடஒதுக்கீட்டுப் பேச்சிலும் இப்படித்தான் குறுக்கே வந்தாய். சத்துணவு என்ற பேர் யார் வைத்தது, அதைச் சொல்.

கணக்கு வாத்தியார்:
கட்சிச் சண்டையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். டப்பா கொண்டுவராத பையன் பையைத் துழாவிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான். பக்கத்துப் பையன் தன் டப்பா மூடியைத் திருப்பிப்போட்டு, அதில் எலுமிச்சை சாதம் இரண்டு கை வைத்து நகர்த்தினான். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆட்லர் கேட்கும் சமூக உணர்வு, அதாவது அடுத்தவனையும் தன்னில் ஒருவனாக நினைப்பது, இதுதான். அம்மா ஆட்டோவில் வந்து இறங்கியிருந்தால் இரண்டு பிள்ளைகளுக்கும் அது கிடைத்திருக்காது. செல்லம் கொடுத்தே வளர்த்த பிள்ளை, உலகமே தனக்கு வேலை செய்யக் காத்திருக்கிறது என்று நினைக்கும். ஆட்லர் திரும்பத் திரும்ப எச்சரித்தது இதைத்தான். முதல் உலகப்போர் முடிந்து வியன்னாவில் குழந்தைகள் ஆலோசனை மையங்கள் தொடங்கியவர் அவர். 1934-இல் சர்வாதிகார ஆட்சி வந்து அவற்றை மூடியது. கூடி வாழப் பழகிய பிள்ளைகளைக் கண்டு யாருக்குப் பயம் என்று யோசியுங்கள்.

தஞ்சைக்காரி:
ஆக, ஊரார் வீட்டு அம்மா சமைத்ததைச் சாப்பிடலாம், சொந்த அம்மா கொண்டுவரக் கூடாது! அந்த ஆட்லரே சின்ன வயதில் ரிக்கெட்ஸ் என்ற எலும்பு நோய் வந்து நடக்க முடியாமல் கிடந்தவர். தனக்காக வீட்டில் எல்லாரும் பாடுபட்டார்கள் என்று அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். அவரை மட்டும் தாங்கலாமா?

கணக்கு வாத்தியார்:
நோய் வேறு, மறதி வேறு.

இரு பிள்ளை அம்மா:
வாத்தியார் சார், உங்கள் வீட்டு டப்பாவை தினம் கட்டுவது யார்? பரிசு கொடுக்காதே, நட்சத்திரம் ஒட்டாதே என்று போன வருஷம் எங்களுக்கு வகுப்பெடுத்தீர்கள். அப்போதும் இதைக் கேட்டேன், பதில் வரவில்லை.

கணக்கு வாத்தியார்:
என் வீட்டை இழுக்காதீர்கள். மறந்தது யார்? பிள்ளை. அப்புறம் ஓட வேண்டியது ஏன் அம்மா?

தஞ்சைக்காரி:
ஏனென்றால் அவள் அம்மா. நான் கொண்டுபோகத்தான் போகிறேன்.

வைகைக்கரை:
தம்பி இன்னும் பதில் சொல்லவில்லை.