ஓநாய்ப் படமும் காலடிச் சத்தமும்

மலைச்சாரல்: "காட்டு ஓநாயின் வாழ்க்கையை யாராலும் படமெடுக்க முடியாது, நாம் பார்ப்பதெல்லாம் வேலிக்குள் வளர்த்த ஓநாய்தான்" என்று இங்கே ஒருவர் அடித்து விட்டிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1995, 1996இல் கனடாவிலிருந்து கொண்டுவந்து விட்ட 31 ஓநாய்களின் வம்சத்தை லமார் பள்ளத்தாக்கில் சாலையோரம் நின்றே பார்க்கலாம். 06 என்ற பெண் ஓநாயின் வேட்டை, ஜோடி, குட்டிகள் எல்லாம் அப்படிப் பதிவானவைதான்.

நெருப்புக்கோழி: அந்த ஒருவர் நான்தான், நேராகவே சொல்லுங்கள். ஒரே கேள்வி. ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்று எடுத்த ஓநாய் பனியில் நடக்கும்போது நறநறவென்று சத்தம் எப்படிக் கேட்கிறது?

மலைச்சாரல்: லென்ஸ் கிட்டே இழுக்கும், மைக் இழுக்காது. அதனால் காலடிச் சத்தத்தை ஸ்டூடியோவில் சேர்ப்பார்கள். ஓநாய் நிஜம்தானே?

நெருப்புக்கோழி: சத்தம் பொய் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நன்றி.

ஊர்சுற்றி: 1958இல் டிஸ்னி படத்துக்காக லெம்மிங் என்ற எலி மாதிரியான சின்னப் பிராணிகளைத் தண்ணீரில் தள்ளிவிட்டு, தானாகக் குதித்ததுபோல் காட்டினார்களே, மறந்துவிட்டதா? சரி, அடையாளம் காண கழுத்தில் ரேடியோ காலர் மாட்டாத ஓநாய் என்றால், போன வருடம் பார்த்த அதேதான் என்று எப்படி நம்புவது?

மலைச்சாரல்: லெம்மிங்கை இதில் இழுக்காதீர்கள். 06க்கு வாழ்நாளில் பெரும்பகுதி ரேடியோ காலர் கிடையாது. கறுப்பு ஓநாய் வயதாக ஆக நரைத்துப்போகும், கோடையில் ரோமம் உதிர்ந்தால் வேறு ஓநாய் மாதிரி ஒல்லியாகத் தெரியும், இதையெல்லாம் வருடக்கணக்கில் கவனித்தவர்கள்தான் அடையாளம் சொல்கிறார்கள், உட்கார்ந்த இடத்திலிருந்து சத்தத்தை அளப்பவர்கள் இல்லை. குட்டிகள் வளையை விட்டு வெளியே வரவே மூன்று வாரம் ஆகும். அதற்குள் ஆள் நெருங்கினால் தாய் அவற்றைக் கவ்விக்கொண்டு வேறு வளைக்குப் போய்விடலாம். எட்ட நிற்பது அதற்காகத்தான்.

நெருப்புக்கோழி: இவ்வளவு எழுதியும் காலடிச் சத்தத்துக்குப் பதில் இல்லை. கழுகு விவாதத்திலும் இப்படித்தான் நீட்டி முழக்கி மழுப்பினீர்கள்.

மலைச்சாரல்: கழுகு விவாதத்தில் பாதியில் ஓடியது யார் என்று எல்லோருக்கும் தெரியும். கிட்டே போய்ப் பார்த்ததும் உண்டு. ஆர்க்டிக்கில் எல்ஸ்மியர் தீவுக்கு ஓநாய் ஆராய்ச்சியாளர் டேவிட் மெக் 1986இலிருந்து பல கோடைகள் போய், ஓநாய்களின் வளைக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். மனிதனைக் கண்டு பயந்து பழகாத ஓநாய்கள் அவை. அங்கே வேலி எங்கே இருக்கிறது, காட்டுங்கள்.

ஊர்சுற்றி: ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் அது காட்டு வாழ்க்கையா?

நெருப்புக்கோழி: அங்கேயாவது காலடிச் சத்தத்தை நிஜமாகப் பதிந்தார்களா? ஆமாவா, இல்லையா?

மலைச்சாரல்: வேலி எங்கே என்று கேட்டேன். முதலில் அதைச் சொல்லுங்கள்.