ப்ளூ கட் கண்ணாடி வாங்குவதா, ஹால் விளக்கை மாற்றுவதா?

பாதிரிப்புலியூர் அம்மா:

வணக்கம். மகன் பன்னிரண்டாம் வகுப்பு. எங்கள் வீட்டில் ஒரு ஹால், ஒரு படுக்கையறைதான். ராத்திரி சாப்பிட்டதும் ஹாலில் டியூப் லைட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்து பதினோரு மணி வரை டேப்லெட்டில் படிக்கிறான். டியூஷனில் எல்லாப் பாடமும் பிடிஎஃப்பாகத்தான் வருகிறது, பிடுங்கி வைக்கவும் முடியாது. படுத்தால் ஒரு மணி வரை புரண்டுகொண்டே கிடக்கிறான். காலையில் ஸ்பெஷல் கிளாஸுக்கு எழுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. அதே ஹாலில் படுக்கும் மாமியாருக்கும் தூக்கம் போச்சு. ஒரு கண்ணாடிக் கடையில், பவர் இல்லாவிட்டாலும், நீல வெளிச்சத்தைத் தடுக்கும் ப்ளூ கட் கண்ணாடி போட்டால் தூக்கம் வரும் என்கிறார்கள். 1,800 ரூபாய். வாங்கலாமா?

முத்தியால்பேட்டை விளக்குக்கடை:

அக்கா, அந்தக் காசை அப்படியே வையுங்கள். முதலில் ஹால் விளக்கைப் பாருங்கள். அப்பா காலத்திலிருந்து புதுச்சேரியில் எங்களுக்கு இதுதான் தொழில். கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் "நல்லா வெள்ளையா, பளிச்சுன்னு குடுங்க" என்றுதான் கேட்கிறார்கள். அந்தப் பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் 6500கே என்று போட்டிருக்கும். பகல் வெளிச்சத்தின் நிறம் அது, நீலம் தூக்கல். 2700கே, 3000கே என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள்.

வெள்ளை எல்ஈடிக்கு உள்ளே இருப்பதே நீல எல்ஈடிதான். அணைந்திருக்கும் பல்பின் மூடியைக் கழற்றினால் சின்னச் சின்ன மஞ்சள் பொட்டுகள் வரிசையாகத் தெரியும். அந்த மஞ்சள் பூச்சு வழியாக நீலம் வரும்போதுதான் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. (நீல எல்ஈடியைச் சாத்தியமாக்கிய அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது.)

எட்டரை மணிக்கு மேல் டியூப்பை அணைத்துவிடுங்கள். டேபிள் லாம்ப்பில் 2700கே, 5 வாட் பல்பு போட்டு, வெளிச்சம் நோட்டில் விழுகிற மாதிரியும் அவன் கண்ணில் நேராகப் படாத மாதிரியும் வையுங்கள். நிறத்தை மட்டும் மாற்றி அதே பளபளப்பை வைத்துக்கொண்டால் பாதி வேலைதான் ஆகும். டேப்லெட்டும் அப்படித்தான், நைட் மோட் போட்டாலும் பிரைட்னஸைக் குறைக்கவும் வேண்டும். மாமியார் ராத்திரி எழுந்து போகிற வழிக்குச் சிவப்பு ஜீரோ வாட் போதும்.

மஞ்சக்குப்பம் நர்ஸ்:

அண்ணன் சொன்னது சரி. விழித்திரையில் பகலா இரவா என்று மூளைக்குச் சேதி அனுப்பவே தனியாகச் சில செல்கள் உண்டு. அவற்றிலுள்ள மெலனாப்சின் என்ற நிறமி 480 நானோமீட்டர் பக்கத்து நீலத்தைத்தான் அதிகம் உணரும். நீல வெளிச்சம் பட்டால் இன்னும் பகல் என்று கணக்காகி, தூக்கத்துக்கு உடம்பைத் தயார்படுத்தும் மெலட்டோனின் என்ற ஹார்மோன் சுரப்பது தள்ளிப்போகும்.

ஆனால் எல்லாப் பழியையும் நீலத்தின் மேல் போடாதீர்கள். 2014இல் வெளியான ஒரு பாஸ்டன் ஆய்வில், படுக்கும் முன் நாலு மணி நேரம் டேப்லெட்டில் படித்தவர்களுக்கு, அச்சுப் புத்தகம் படித்தபோது இருந்ததைவிட மெலட்டோனின் ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனது. தூக்கம் வர ஆன கூடுதல் நேரமோ பத்து நிமிஷம்தான். உங்கள் பையனுக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. சாயந்திரம் எத்தனை மணிக்குக் காபி குடிக்கிறான்? ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணி வரை தூங்குகிறான்? இரண்டும் தெரிய வேண்டும்.

கண்ணாடி வேண்டாம். சாதாரண ப்ளூ கட் லென்ஸ் நீலத்தில் கால்வாசியைக்கூடத் தாண்டித் தடுப்பதில்லை. 2023இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் தூக்கத்துக்கு உதவும் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

காலை வெயில்தான் முக்கியம். எழுந்ததும் மொட்டை மாடியில் அரை மணி நேரம் நின்று படிக்கட்டும். லீவு நாளில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு அனுப்புங்கள். காலை வெளிச்சம் உடம்புக் கடிகாரத்தை முன்னால் நகர்த்தும், ராத்திரி சீக்கிரமே தூக்கம் வரும். நைட் டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டிய எனக்கு அந்த வெளிச்சம் ஆகாது, அதனால்தான் பஸ்ஸில் வரும்போது நான் கூலிங் கிளாஸைக் கழற்றுவதே இல்லை.

போன வருஷ ப்ளஸ் டூ:

அம்மா, பிடிஎஃப்பை ஜெராக்ஸ் கடையில் இரண்டு பக்கமும் பிரிண்ட் போட்டுவிடுங்கள். வீடியோ பாடம் ஏதாவது இருந்தால் சாயந்திரமே முடிக்கட்டும், ஒன்பதுக்கு மேல் நோட்டில் கணக்கு மட்டும். படுக்கப்போகும் முன் டெஸ்ட் மார்க் குரூப்பைத் திறக்கவே கூடாது.

பாதிரிப்புலியூர் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. காபி ஏழரை மணிக்குக் குடிக்கிறான், நாளையிலிருந்து நாலு மணிக்குத்தான். ஒரு சந்தேகம்: மஞ்சள் வெளிச்சத்தில் கண்ணே தெரியவில்லை என்கிறார் மாமியார். என்ன செய்ய?

முத்தியால்பேட்டை விளக்குக்கடை:

வயதானால் கண்ணுக்குள் போகும் வெளிச்சமே குறைந்துவிடும் அக்கா, அவருக்கு வாட் அதிகமாக வேண்டும். 3000கே, 9 வாட் ஒன்றை அவர் உட்காரும் பக்கம் போட்டு, படுக்கும்போது அணையுங்கள். புரை இருக்கிறதா என்று கண் டாக்டரிடமும் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.