காலின் கவுண்டிக்குக் குடிபெயர எண்ணுகிறோம்: வீடு, வேலை, பள்ளி குறித்து ஆலோசனை தேவை

எடிசன்வாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியின் எடிசனில் பதினொரு ஆண்டுகளாக வாடகை வீட்டில் வசிக்கிறோம். என் கணவருக்கு டெக்ஸாஸில், டல்லாஸுக்கு வடக்கே காலின் கவுண்டியில் இருக்கும் பிளேனோ அலுவலகத்துக்கு மாற்றல் வாய்ப்பு வந்திருக்கிறது. நான் வீட்டிலிருந்தே பணிபுரிகிறேன். மகள் எட்டாம் வகுப்பிலும் மகன் மூன்றாம் வகுப்பிலும் படிக்கிறார்கள். கிரீன் கார்டு வரிசையில் இன்னும் காத்திருப்பவர்கள் நாங்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐந்து லட்சம் டாலருக்குள் வீடு வாங்க எண்ணுகிறோம். அந்தத் தொகைக்குப் பிளேனோவில் நாற்பது ஆண்டுப் பழைய வீடு கிடைக்கிறது. அதே தொகைக்குப் பிரின்ஸ்டன், செலினா பக்கம் புத்தம் புதிய, பெரிய வீடு கிடைக்கிறது. இணையத்தில் கவுண்டியின் சராசரி விலை, சராசரி வருமானம் என்று பார்த்துப் பார்த்துக் குழப்பம்தான் மிஞ்சியது. மாநில வருமான வரி இல்லை என்பது உண்மையிலேயே சேமிப்பாகுமா? வேலை போனால் அங்கேயே வேறு வேலை கிடைக்குமா? அங்கே வாழ்பவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பிளேனோவில் 19 ஆண்டுகள் – பதில்:

வணக்கம் சகோதரி. கவுண்டியின் சராசரியை வைத்து முடிவெடுக்காதீர்கள் என்பதுதான் நான் முதலில் சொல்ல விரும்புவது. 2010 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 7.82 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2020-இல் 10.64 லட்சமானது, ஆனால் அந்த வளர்ச்சி எல்லா இடத்திலும் ஒரே சீராக நிகழவில்லை. தெற்கே பிளேனோ நிரம்பி முடிந்த ஊர். ஃபிரிஸ்கோவும் ஆலனும் ஏறக்குறைய நிரம்பிவிட்டன. இப்போது வளர்ச்சி முழுவதும் செலினா, பிராஸ்பர், ஆனா, மெலிஸா, பிரின்ஸ்டன் என்று வடக்கிலும் கிழக்கிலும் நடக்கிறது. ஒரே கவுண்டிக்குள் குறைந்தது மூன்று தனித்தனிச் சந்தைகள் இருக்கின்றன.

இணையதளங்கள் காட்டும் மதிப்பீட்டையும் முழுமையாக நம்ப வேண்டாம். டெக்ஸாஸில் வீடு என்ன விலைக்குக் கைமாறியது என்பதை அரசிடம் தெரிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எனவே அந்தத் தளங்கள் பெரும்பாலும் ஊகித்துத்தான் சொல்கின்றன. வீட்டுத் தரகரிடம் அந்தத் தெருவில் கடந்த ஆறு மாதங்களில் நடந்த விற்பனைகளின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். முப்பது ஆண்டுக் கடனுக்கான வட்டி 2021 ஜனவரியில் 2.65 சதவீதம் வரை இறங்கியிருந்தது. 2023 அக்டோபரில் 7.79 சதவீதத்தைத் தொட்டது. இந்தத் தாவலுக்குப் பிறகு, 2022 வரை இங்கே நடந்த ஏலப் போட்டி அடங்கிவிட்டது. இன்று பேரம் பேச இடம் உண்டு.

வரி விஷயத்துக்கு வருகிறேன். மாநில வருமான வரி இல்லாதது உண்மையான சேமிப்புதான். ஆனால் நியூ ஜெர்சியில் வாடகைக்கு இருந்த உங்கள் கண்ணில் சொத்து வரி நேரடியாகப் பட்டிருக்காது. இங்கே அது ஆண்டுதோறும் ஒரே பெரிய தொகையாக எதிரே நிற்கும். பிளேனோவில் கவுண்டி, நகரம், கல்லூரி, பள்ளி எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 1.7 சதவீதம். அதில் கவுண்டியின் பங்கு நூறு டாலருக்குச் சுமார் 15 சென்ட்தான். பாதிக்கு மேல் பள்ளிக்கே போகிறது. நீங்களே குடியிருக்கும் வீடானால் ‘ஹோம்ஸ்டெட்’ விலக்குக்கு உடனே விண்ணப்பியுங்கள். பள்ளி வரிக்கான அந்த விலக்கு 2023-இல் 1,00,000 டாலராகவும், 2025 நவம்பர் வாக்கெடுப்புக்குப் பின் 1,40,000 டாலராகவும் உயர்ந்தது. அதாவது ஐந்து லட்சம் டாலர் வீட்டுக்கு 3,60,000 டாலருக்கு மட்டுமே பள்ளி வரி. பிளேனோ நகரமும் தன் வரியில் 20 சதவீத விலக்கு தருகிறது. குடியுரிமை தேவையில்லை, டெக்ஸாஸ் ஓட்டுநர் உரிமத்தில் அந்த வீட்டு முகவரி இருக்க வேண்டும். வாங்கிய அடுத்த ஆண்டிலிருந்து, வரிக்கான மதிப்பை ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் உயர்த்த முடியாது என்ற பாதுகாப்பும் கிடைக்கும். மதிப்பீடு அதிகம் என்று தோன்றினால் பொதுவாக மே 15-க்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். நான் பெரும்பாலான ஆண்டுகளில் தெரிவித்துவிடுவேன்.

பிரின்ஸ்டன் பக்கத்துக் குடும்பஸ்தன் – பதில்:

புதிய வீட்டை வாங்கியவன் என்ற முறையில் என் அனுபவத்தைச் சொல்கிறேன். எனக்கு யாரும் இதை முன்கூட்டிச் சொல்லவில்லை என்பது இன்றும் வருத்தம். 2022 ஆகஸ்டில் 4,60,000 டாலருக்கு வாங்கினேன். இங்கே அந்தந்த ஆண்டு ஜனவரி 1 அன்று இருந்த நிலையை வைத்தே வரி விதிக்கிறார்கள். அன்று என் மனை வெறும் நிலம். ஆகவே முதல் ஆண்டு வரி சுமார் 2,100 டாலர்தான் வந்தது. கடன் நிறுவனமும் அதை வைத்தே எஸ்க்ரோ தொகையை, அதாவது வரிக்கும் காப்பீட்டுக்குமாகத் தவணையோடு சேர்த்து வாங்கும் பணத்தை, கணக்கிட்டது. மாதத் தவணை ஏறத்தாழ 2,500 டாலர். அடுத்த ஆண்டு முழு வீட்டுக்குமாகப் பத்தாயிரம் டாலருக்கு மேல் வரி வந்தது. விடுபட்ட பாக்கியையும் இனி வரவேண்டியதையும் சேர்த்து, தவணை ஒரே கடிதத்தில் 3,800 டாலருக்குத் தாவியது. ஓராண்டு நாங்கள் ஊருக்குப் போகவில்லை. என் பெற்றோரையும் வரவழைக்க முடியவில்லை.

என் வீட்டுக்கு வரி விகிதம் 2.5 சதவீதத்தை ஒட்டி இருப்பதற்குக் காரணம் ‘மட்’ எனப்படும் அமைப்பு. மனைப்பிரிவுக்குத் தண்ணீர்க் குழாய், கழிவுநீர், சாலை போட வாங்கிய கடனைக் குடியிருப்பவர்கள் வரியாகப் பல ஆண்டுகள் அடைக்க வேண்டும். வேறு சில மனைப்பிரிவுகளில் ‘பிட்’ என்ற பெயரில் தனிக் கட்டணம் இருக்கும். மாதிரி வீட்டைக் காட்டும் விற்பனையாளர் கிரானைட் கல்லைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். இதைப் பற்றி நீங்கள்தான் கேட்க வேண்டும், அதுவும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

பிரின்ஸ்டன் 2023–24 கணக்கில் அமெரிக்காவிலேயே மிக வேகமாக, ஒரே ஆண்டில் 30 சதவீதத்துக்கு மேல் வளர்ந்த ஊர். தண்ணீர், சாலை, காவல் ஆகியவை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல், 2024 செப்டம்பரில் புதிய குடியிருப்புத் திட்டங்களுக்கு நகர மன்றமே தற்காலிகத் தடை விதித்தது. காலையில் 380 நெடுஞ்சாலையில் நின்று பார்த்தால் காரணம் புரியும். இத்தனைக்கும் எங்கள் தெரு நல்ல தெரு; பிள்ளைகள் மாலை முழுவதும் வெளியே விளையாடுகிறார்கள். கணக்கைத் தெரிந்துகொண்டு வந்திருந்தால் இன்னும் நிம்மதியாக வந்திருப்பேன்.

லெகஸி ஊழியர் – பதில்:

வேலை குறித்துச் சொல்கிறேன். டொயோட்டாவின் வட அமெரிக்கத் தலைமையகம் கலிஃபோர்னியாவின் டாரன்ஸிலிருந்து 2017-இல் பிளேனோவுக்கு வந்தது. ஜேபி மார்கன் சேஸின் பெரிய வளாகமும் அதே பகுதியில் இருக்கிறது. ஃபிரிஸ்கோவில் டல்லாஸ் கவ்பாய்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் தலைமையகம் 2016-இலும், பிஜிஏ ஆஃப் அமெரிக்கா என்ற கோல்ஃப் அமைப்பின் தலைமையகம் 2022-இலும் திறக்கப்பட்டன. வங்கி, காப்பீடு, வாகனம், உணவு எனத் துறைகள் பலவாக இருப்பதால் ஒன்று சரிந்தாலும் எல்லாம் சரிவதில்லை. அதே சமயம், இதே பிளேனோவில் தலைமையகம் கொண்ட ஜேசி பென்னி என்ற பல்பொருள் கடை நிறுவனம் 2020-இல் திவாலானதையும் பார்த்தோம்.

விசாவில் இருப்பவர்களுக்கு வேலை போனபின் அறுபது நாள்தான் அவகாசம் என்பது உங்களுக்கே தெரியும். எனவே வீடு எங்கே என்பதைக் கணவரின் இப்போதைய அலுவலகத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்காதீர்கள். அடுத்த வேலை ரிச்சர்ட்சனிலோ இர்விங்கின் லாஸ் கொலினாஸிலோ அமையலாம். பிளேனோவிலிருந்து அங்கே தினமும் போய்வர முடியும், செலினாவிலிருந்து போய்வந்தால் சுங்கச்சாலைக் கட்டணமும் நேரமும் சேர்ந்து உங்களைக் களைப்படையச் செய்யும். எடிசனில் ரயிலுக்குப் பழகியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: டல்லாஸ் வட்டாரப் பொதுப் போக்குவரத்தான ‘டார்ட்’ ரயில் பிளேனோவில் உண்டு, 2025 அக்டோபரில் அங்கிருந்து விமான நிலையத்துக்கும் பாதை திறந்தது, ஆலன், மெக்கினி, ஃபிரிஸ்கோ ஊர்களில் அந்த ரயில் இல்லை. ஆளுக்கொரு கார் அவசியம்.

எடிசன்வாசி:

மிக்க நன்றி. எஸ்க்ரோ குறித்து எழுதிய சகோதரருக்குத் தனியாக நன்றி. எங்கள் கணக்கில் அது இல்லவே இல்லை. மகள் அடுத்த ஆண்டு உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறாள். பள்ளியை வைத்து ஊரைத் தேர்ந்தெடுப்பது சரியா? பழைய வீட்டில் என்ன பார்க்க வேண்டும்?

பிளேனோவில் 19 ஆண்டுகள் – பதில்:

பள்ளி எல்லை நகர எல்லையோடு ஒத்துப்போகாது. வீட்டு முகவரியைப் பள்ளி மாவட்டத்தின் தளத்தில் இட்டுப் பாருங்கள். மாணவர் எண்ணிக்கை குறைந்ததால் பிளேனோ பள்ளி மாவட்டம் 2024-இல் நான்கு பள்ளிகளை மூட முடிவெடுத்தது. வடக்கிலோ கட்டக் கட்டப் போதவில்லை. மகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஆஸ்டினில் உள்ள டெக்ஸாஸ் பல்கலைக்கழகம் 2026 முதல், படிக்கும் உயர்நிலைப் பள்ளியின் தரவரிசையில் முதல் 5 சதவீதத்துக்குள் வரும் டெக்ஸாஸ் மாணவர்களுக்கே தானாக இடம் தருகிறது. நம் பிள்ளைகள் குவியும் பள்ளிகளில் அந்த வரிசை மிக இறுக்கமானது. தரவரிசையில் உயர்ந்த பள்ளிதான் மகளுக்கும் நல்லது என்று எண்ணிவிட வேண்டாம். அவளையும் அழைத்துவந்து காட்டுங்கள்.

பழைய வீட்டில் நான் முதலில் பார்ப்பது அடித்தளம். இந்தப் பகுதி முழுவதும் கருமண். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் நிலம் கோடையில் வாய்பிளந்து மழையில் உப்புவதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கே பெரும்பாலும் நிலவறை கிடையாது. கான்கிரீட் தளத்தின்மேல் வீடு நிற்கிறது. கோடையில் வீட்டைச் சுற்றி மண்ணுக்குத் தண்ணீர் விடுவது இங்கே வழக்கம். சாதாரண ஆய்வாளரோடு நின்றுவிடாமல், தனியாக ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துச் சில நூறு டாலர் செலவழியுங்கள். அடுத்தது கூரை. வசந்த காலத்தில் ஆலங்கட்டி மழை வரும். காப்பீட்டில் காற்று, ஆலங்கட்டிச் சேதத்துக்கு நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு பெரும்பாலும் காப்பீட்டு மதிப்பில் ஒன்று அல்லது இரண்டு சதவீதமாக இருக்கும். ஐந்து லட்சத்துக்கு இரண்டு சதவீதம் என்றால் பத்தாயிரம் டாலர். கூரையின் வயதைக் கேட்காமல் விலை பேசாதீர்கள்.

முடிந்தால் முதல் ஆண்டு வாடகைக்கு இருங்கள். ஜூலையில் ஒருமுறை வந்து, மாலை ஐந்து மணிக்கு அலுவலகத்திலிருந்து நீங்கள் பார்த்துவைத்த வீடு வரை காரை ஓட்டிப் பாருங்கள்.