கேப்போ போட்டதும் கை தடுமாறியது: பார்க்காமல் ஃபிரெட் பிடிப்பவர்கள் பற்றி

(சிங்கப்பூர்க் கிட்டார்காரர்களின் இணையப் பேச்சு; ஒவ்வொரு பதிவுக்கும் மேலே எழுதியவரின் புனைபெயர்.)

ஆறாம்தந்தி, ஈசூன்

சமூக மன்ற கிட்டார் வகுப்பில் நடந்தது. பார்வையில்லாத பையன். கிட்டார் கழுத்தின் ஓரத்தில் 3, 5, 7, 9, 12ஆம் ஃபிரெட்டுகளில் (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகள்) தடவிப் பார்க்கும் பொட்டுகள். கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்துப் பிடிப்பது) எல்லாம் கச்சிதம். பாடிய அக்காவுக்குச் சுருதி ஏற்ற வேண்டும் என்று 2ஆம் ஃபிரெட்டில் கேப்போ, அதாவது எல்லாத் தந்தியையும் சேர்த்து அழுத்தும் கவ்வி, மாட்டிக் கொடுத்தார்கள். பல்லவி முழுக்கச் சரி. இடையிசையில் 7ஆம் ஃபிரெட்டுக்குத் தாவும்போது கை பழக்கமாக 7இன் பொட்டில் போய் நின்றது. நிற்க வேண்டியது 9இல். பையன் வாசிப்பை நிறுத்திவிட்டு, ஓரத்தைத் தடவிக்கொண்டே கேட்டான்: "பொட்டை யாராச்சும் நகர்த்திட்டீங்களா?" அறையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பொட்டு நட்டிலிருந்து, அதாவது கழுத்தின் தலைமுனையில் தந்திகளைத் தாங்கும் கட்டையிலிருந்து, எண்ணுகிறது. கேப்போ போட்டபின் கார்டு கேப்போவிலிருந்து எண்ணுகிறது. அவ்வளவுதான் சிக்கல். 2இல் கேப்போ என்றால் தப்பித்துக்கொள்ளலாம்: 3 வேண்டுமென்றால் 5இன் பொட்டு, 5க்கு 7, 7க்கு 9. ஒரு பொட்டு தள்ளிப் போனால் போதும். 3இல் போட்டால்தான் வம்பு. 3, 5, 7 மூன்றும் 6, 8, 10க்குப் போய்விடும். அங்கே எதிலும் பொட்டு கிடையாது. கேப்போவை மாட்டிக் கொடுப்பவர் இதையும் வாயால் சொல்ல வேண்டும்.

வீணைக்காரன், தெம்பனிஸ்

அதனால்தான் பொட்டே வேண்டாம் என்கிறேன். வயலினில் ஃபிரெட்டே இல்லை, யார் பொட்டு ஒட்டுகிறார்கள்?

எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் ஒரு பெரியவர் வாசிப்பார், இரண்டு கண்ணும் தெரியாது. ஆறாம் தந்தியில் (எல்லாவற்றிலும் தடித்தது) 5ஆம் ஃபிரெட்டுக்குத் தாவுமுன் ஐந்தாம் தந்தியைச் சும்மா ஒரு தட்டு தட்டுவார். அலங்காரம் என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். அது முகவரி கேட்பது. இரண்டும் ஒரே ஏ (A) ஸ்வரம். காதில் விழுந்த ஸ்வரத்தின் மேல் கை போய் இறங்குகிறது.

பயிற்சி இப்படி. சுட்டுவிரல் ஆறாம் தந்தி 1ஆம் ஃபிரெட்டில். திறந்த (எங்கும் அழுத்தாத) ஐந்தாம் தந்தியை மீட்டி, அது ஒலிக்கும்போதே விரலைத் தந்தியிலிருந்து எடுக்காமல், அழுத்தத்தை மட்டும் தளர்த்தி 5க்கு இழுங்கள். அழுத்தி மீட்டினால் இரண்டும் ஒன்றாகக் கலக்க வேண்டும். அரைச்சுரம் குறைந்தால் 4இல் நின்றுவிட்டீர்கள். இது பிடிபட்டதும் திறந்த தந்தியை விட்டுவிட்டு இழுங்கள். கடைசியில்தான் விரலைத் தூக்கித் தாவுவது. 5இலிருந்து 1க்குத் திரும்புவதையும் தனியாகப் பழக வேண்டும், அது வேறு அசைவு. எல்லாத் தந்தியிலும் 5ஆம் ஃபிரெட்தான் அடுத்த தந்தியின் ஸ்வரம், மூன்றாம் தந்தியில் மட்டும் 4.

கை கற்க வேண்டிய இன்னொன்று, கட்டங்கள் சமம் இல்லை. 650 மில்லிமீட்டர் கிளாசிக்கல் கிட்டாரில் முதல் கட்டம் சுமார் 36 மி.மீ., 12ஆம் கட்டம் 19 மி.மீ. சொச்சம். கீழே பழகிய விரல் அகலத்தோடு மேலே போனால் ஒவ்வொரு விரலும் கம்பியின் மேலேயே ஏறி, ஸ்வரம் செத்துப்போகும்.

டெக்காபக்கம்

வயலினில் யார் ஒட்டுகிறார்களா? தொடக்க வகுப்புப் பிள்ளைகளின் வயலினைப் போய்ப் பாருங்கள் அண்ணா, டேப் ஒட்டியிருக்கும். காது தயாராகும்வரை கைக்கு ஒரு பிடி வேண்டும். கிளாசிக்கல் கிட்டாரில் முகப்புப் புள்ளியே பெரும்பாலும் கிடையாது. மற்ற கிட்டார்களிலும் ஓரப்புள்ளி கண்ணுக்குத்தான், தடவினால் வழவழ.

பிரச்சினை பொட்டில் இல்லை, எதை ஒட்டுகிறோம் என்பதில். தேக்காவில் வாங்கிய கல்லுவைத்த ஸ்டிக்கர் பொட்டை ஒரு அம்மா மகளின் கிட்டாரில் ஒட்டியிருந்தார். தொட்டால் அருமையாகத் தெரிந்தது. ஆனால் மேலே ஏறும்போதெல்லாம் கல் சுட்டுவிரலின் அடியைக் கீறி, பிள்ளை கழுத்தைத் தளர்த்திப் பிடிக்கவே பழகிவிட்டது. வெல்வெட் பொட்டு அதற்கு நேரெதிர், வியர்வையில் வழுக்கி இரண்டு மி.மீ. நகரும். நம் ஊர்ப் புழுக்கத்தில் பசை அவ்வளவுதான். அலமாரிக் கதவில் ஒட்டும் சிலிக்கான் பொட்டு ரொம்ப உயரம்.

நிற்பது நகப்பூச்சு. நிறமில்லாதது. கழுத்தின் மேல்விளிம்பில், ஏற்கெனவே ஓரப்புள்ளி இருக்கும் கோட்டில், தீக்குச்சி முனையால் ஒரு துளி. முழுக்கக் காய்ந்தபின் அதன்மேல் இன்னொன்று. மூன்று நான்கு அடுக்கில் விரலுக்குத் தெரியும், கையை மறிக்காது. கட்டத்தின் நடுவில் வைக்காதீர்கள், ஃபிரெட் கம்பிக்கு நேராக வையுங்கள்; விரல் போய் நிற்க வேண்டியது கம்பிக்குச் சற்று முன்னால்தானே. 12க்கு இரண்டு துளி. 5, 7, 12 போதும். எல்லா ஃபிரெட்டிலும் வைத்தால் எண்ணத்தான் வேண்டிவரும், வைத்த பயனே போச்சு. கழுத்தின் முதுகில் எதுவும் கூடாது, கட்டைவிரல் அங்கே வழுக்கிப் போக வேண்டும். சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம், பழைய லாக்கர் பூச்சைத் தின்றுவிடும். பூச்சு எதுவென்று தெரியாவிட்டால் நகப்பூச்சையும் மறைவான இடத்தில் சோதியுங்கள்.

பாண்டான்

ஒன்று மட்டும் சொல்கிறேன். பார்வையுள்ள ஆசிரியர், மாணவியின் விரலைப் பிடித்து ஒவ்வொன்றாகத் தந்தியில் வைத்தார். கேட்காமலேயே. அவள் தோள் விறைத்ததை எதிர்வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்தோம்.

தந்தி, ஃபிரெட், விரல் என்று எப்போதும் ஒரே வரிசையில் சொன்னால் தொட வேண்டிய தேவையே வராது: "மூன்றாம் தந்தி, 2, சுட்டுவிரல்." மேலே கீழே என்று சொல்லாதீர்கள், சுருதியில் மேலேயா, கூரைப் பக்கம் மேலேயா?

இன்னொரு விஷயம் லா. பார்வையில்லாத கிட்டார் கலைஞர் ஜெஃப் ஹீலி கிட்டாரை மடியில் கிடத்தி வாசித்தார் என்று பார்வையில்லாத எல்லாரையும் அப்படி உட்கார வைக்காதீர்கள். பாடகர், கிட்டார் கலைஞர் ஹோசே ஃபெலிசியானோ பிறவியிலேயே பார்வையில்லாதவர், எல்லாரையும் போலத்தான் பிடிக்கிறார்.

சுருதிப்பெட்டி, பிடோக்

ஒருவரும் சுருதி சேர்ப்பதைப் பேசவில்லையே. நண்பரின் தம்பிக்குப் பிறந்தநாள் பரிசாகத் தலைப்பகுதியில் மாட்டும் டியூனர் கொடுத்தார்கள். பச்சை விளக்கு எரிந்தால் சரி என்று விளக்கமும் சொன்னார்கள். தம்பிக்குக் கண் தெரியாது. சரி.

டியூனரே வேண்டாம். ஆறாம் தந்தியை ஒரு நல்ல ஆதார ஒலியோடு சேருங்கள். அதன் 5ஆம் ஃபிரெட் கம்பிக்கு நேர் மேலே, அழுத்தாமல் தொட்டு மீட்டினால் ஹார்மோனிக் என்னும் மணி போன்ற ஒலி வரும். ஐந்தாம் தந்தியில் 7இல் அதே போல. இரண்டையும் சேர்ந்து ஒலிக்கவிட்டால் அலை அலையாகத் துடிப்பு கேட்கும். அலை மெதுவாகும்வரை ஐந்தாம் தந்தியின் முறுக்காணியைத் திருகுங்கள். முழுக்க நிற்கவிட வேண்டாம்: ஆறாம் தந்தியினது 329.6 ஹெர்ட்ஸ், ஐந்தாம் தந்தியினது 330. மூன்று நொடிக்கு ஒரு துடிப்பு மிச்சமிருப்பதுதான் சரியான இடம். நான்காம், மூன்றாம் தந்திகளுக்கும் இதே முறை. இரண்டாம் தந்தியில் இது செல்லாது. ஆறாம் தந்தியின் 7ஆம் ஃபிரெட் ஹார்மோனிக்கோடு அதைத் திறந்தபடி சேருங்கள். முதல் தந்தியின் திறந்த ஒலிக்கு ஆறாம் தந்தியின் 5ஆம் ஃபிரெட் ஹார்மோனிக். ஆதாரத்துக்குத் தொலைபேசியில் ஸ்வரத்தை ஒலிக்கும் செயலி போதும், முள் காட்டுவது எதற்கு?

டெக்காபக்கம்

பிடோக் அண்ணா, நல்ல விஷயம்தான், ஆனால் இங்கே பேச்சு இடது கையைப் பற்றி.

வீணைக்கார அண்ணாவுக்கு ஒரு கேள்வி. காதை நம்பித் தாவலாம் என்கிறீர்கள், கிட்டாரே இடம் மாறினால்? உட்கார்ந்து பழகியவர் மேடையில் வார் போட்டு நின்றதும் கழுத்து ஒரு சாண் இறங்குகிறது, முழங்கை கணக்கு மொத்தமும் தவறுகிறது. உட்கார்ந்து பழகும்போதே வாரை மாட்டி, கிட்டார் தொடையில் லேசாகத் தொடும் நீளத்துக்கு இழுத்துவிடுங்கள். எழுந்தாலும் அதே உயரத்தில் நிற்கும். அந்த நீளத்தில் கொக்கிக்கு ஒட்டி, வாரின் குறுக்கே தடித்த நூலால் நான்கு தையல் போட்டுவிட்டால் யார் தளர்த்தினாலும் விரலால் தேடித் திரும்பப் பொருத்திக்கொள்ளலாம்.