கண்ணைக் காட்டப் போனேன், குறட்டையை விசாரித்தார்கள்

ஈரோட்டுக்காரன்:

நூல் கடையில் கணக்கு எழுதுகிறேன். வயது 52. காலையில் எழுந்தால் இடது கண் மட்டும் சிவந்திருக்கும். மேலிமை தடித்து, ஓரத்தில் நூல் நூலாகப் பீளை இழுபடும். மதியத்துக்குள் அடங்கிவிடும், மறுநாள் காலை மறுபடி அதே கதை. பஞ்சுத் தூசி என்றார் ஒருவர், அலர்ஜி என்றார் இன்னொருவர். பிரிட்ஜ் கதவில் சொட்டு மருந்துப் புட்டிகள் வரிசை கட்டி நின்றன.

கடைசியாகப் பார்த்த கண் மருத்துவர் சின்ன வயதுப் பெண். தாடையைக் கருவியில் வைக்கச் சொல்லிவிட்டு, கட்டைவிரலால் என் மேலிமையை லேசாக மேலே தள்ளினார். இமை தானாகவே புரண்டு, சிவந்த உள்பக்கத்தைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றது. வலியே இல்லை. நல்ல இமை இவ்வளவு எளிதாகப் புரளாதாம். அதற்குள் இருக்கும் விறைப்பான தகடு தொய்ந்து போனால்தான் இப்படி ஆகுமாம். இரவில் இமை புரண்டு தலையணை உறையில் உரசுகிறது, காலையில் கண் சிவக்கிறது.

"எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பீர்கள்?" என்று கேட்டார். இடது என்றேன். உடனே என்னை விட்டுவிட்டு என் மனைவியின் பக்கம் திரும்பி, "சார் குறட்டை விடுவாராம்மா?" என்றார். அவளுக்கு இத்தனை வருடக் குறையைக் கொட்ட ஓர் இடம் கிடைத்துவிட்டது. சத்தத்தைச் சொன்னாள். நடுவில் சத்தம் அறுந்து போவதைச் சொன்னாள். அப்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்து என் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பதாகச் சொன்னாள். அந்தக் கடைசிச் செய்தி எனக்கே புதிது.

தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 41 முறை மூச்சு நின்றோ குறைந்தோ போயிருந்தது. 30 ஆகிவிட்டாலே தீவிரம். ரத்தத்தில் ஆக்சிஜன் ஒரு கட்டத்தில் 76 சதவீதம் வரை இறங்கியிருக்கிறது. தூக்கத்தில் இப்படி மூச்சு நின்று நின்று வருவதுதான் ஸ்லீப் ஆப்னியா. அதோடு அடிக்கடி சேர்ந்து காணப்படும் இந்த இமை நோய்க்கு ஃப்ளாப்பி ஐலிட் சிண்ட்ரோம் என்று பெயர். 1981-லேயே அமெரிக்க மருத்துவர்கள் இதை விவரித்து எழுதிவிட்டார்கள். அன்று அவர்கள் கண்டது என்னைப் போன்ற நடுவயதுக் குண்டு ஆண்களிடம்தான்.

ஸ்லீப் ஆப்னியாவோடு கண் கோளாறு, கிறுகிறுப்பு, தள்ளாட்டம் வந்தவர்கள் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். கஷாயச் செய்முறை மட்டும் வேண்டாம்.

பழைய டிரைவர்:

கஷாயம் வேண்டாம் என்கிறீர்கள். என் கதையே கஷாயத்தில்தான் தொடங்குகிறது அண்ணே.

விடியற்காலையில் கட்டிலில் வலப்பக்கம் புரண்டேன். கூரை, மின்விசிறி, சுவர்க் கடிகாரம் எல்லாம் ஒரே சுற்றாகச் சுற்றின. கட்டில் சட்டத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். அரை நிமிடத்தில் நின்றுவிட்டது. வாந்தி மட்டும் வந்தது. பித்தம் ஏறிவிட்டது என்று வீட்டில் தீர்ப்பு. இஞ்சிச் சாறு, சுக்குக் கஷாயம், எலுமிச்சம்பழம் என்று வரிசையாக உள்ளே போயின. புரளும்போதெல்லாம் சுற்றல் வந்துகொண்டுதான் இருந்தது.

காது மூக்கு தொண்டை மருத்துவர் என்னை உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பிப் பிடித்து, சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். தலை மேசை விளிம்புக்கு வெளியே தொங்கியது. என் விழிகள் துடித்துத் துடித்து ஓடுவதைப் பக்கத்திலிருந்த மகனே பார்த்தான். உட்காதில் இருக்கும் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறிக் குழாய்க்குள் விழுந்திருக்கின்றன என்றார். அங்கேயே தலையைப் படிப்படியாகத் திருப்பி அவற்றைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டார். எப்ளி முறை என்று பெயர். மாத்திரைகூட எழுதவில்லை. அந்தச் சுற்றல் போயே போய்விட்டது.

ஆனால் இன்னொன்று போகவில்லை. காலையில் எழுந்ததும் நெற்றியில் கனம், வாய் வறட்சி, தலைவலி. சவரம் செய்யும்போது தரை ஒரு பக்கம் சரிவதுபோல ஒரு தள்ளாட்டம். எதுவும் சுற்றாது, நான்தான் தளர்ந்து நிற்பேன். பத்து மணிக்கு மேல் தெளிந்துவிடும். பல வருடங்களாக இருந்ததால் வயது என்று விட்டுவிட்டேன். அந்த மருத்துவர்தான் போகிற போக்கில் என் கழுத்தை டேப்பால் அளந்தார். 43 சென்டிமீட்டர். "வண்டி ஓட்டும்போது கண் சொருகியது உண்டா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எந்த டிரைவரும் உண்மையான பதில் சொல்ல மாட்டான். நான் சொன்னேன், ஓய்வு பெற்றுவிட்டேன் என்பதால்.

இரவில் மூச்சு அடைத்து அடைத்து வருவதால் ரத்தத்தில் கரியமில வாயு ஏறுகிறதாம், மூளையின் ரத்தக்குழாய்கள் விரிகின்றனவாம், காலைத் தலைவலியும் கனமும் அதனால் வரலாமாம். தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி ஊதி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் மெஷினை மாட்டிய பிறகு என் காலைத் தள்ளாட்டம் அடங்கியது. இரண்டையும் ஒரே 'தலைசுற்று' என்று சொல்லிக்கொண்டிருந்தால் ஒன்றுக்குத்தான் வைத்தியம் நடந்திருக்கும். கிறுகிறுப்பு என்று போகிறவர்கள், எப்போது வருகிறது, எத்தனை நொடி நிற்கிறது, புரண்டால் வருகிறதா எழுந்தால் வருகிறதா என்று பார்த்து வைத்துக்கொண்டு போங்கள்.

மூத்த மகள்:

இது என் அப்பாவுக்கு நடந்தது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. ஒருநாள் காலையில் எழுந்து கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். வேட்டி முனையால் துடைத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "உன் முகம் தெரிகிறது, புடவை தெரியவில்லையே" என்று அம்மாவிடம் சொன்னார். வலது கண்ணை மூடினால் அப்படி. இடது கண்ணில் பார்வையின் கீழ்ப்பாதி இல்லை. கோடு கிழித்தாற்போலப் போயிருந்தது. வலி துளியும் கிடையாது.

வலி இல்லாததால் இரண்டு நாள் வீணாயிற்று. உறவுக்காரர் ஒருவர் தூக்கம் கெட்டதால் வந்த சூடு என்று சொல்லி உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைத்தார். எழுதும்போது இன்னும் எரிச்சல் வருகிறது.

பார்வை நரம்பின் முனைக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்து நரம்பு வீங்கியிருக்கிறது என்றார்கள். கண்ணுக்கு வந்த பக்கவாதம் என்று எங்களுக்குப் புரியும்படி மருத்துவர் சொன்னார். ரத்தக்குழாய் அழற்சியாக இருந்தால் உடனே ஸ்டீராய்டு கொடுக்க வேண்டும் என்பதால் அதற்கான ரத்தப் பரிசோதனைகளை அன்றே எடுத்தார்கள், அது இல்லை. அது இல்லையென்றால் போன பார்வையைத் திருப்பித் தருவதாக நிரூபிக்கப்பட்ட மருந்து எதுவும் கிடையாது என்றும் மறைக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்கு அவருக்கு நன்றி.

அடுத்து அவர் கேட்டவை இரண்டு: குறட்டை உண்டா, ரத்த அழுத்த மாத்திரையை எப்போது சாப்பிடுகிறார்? குறட்டை தெருக்கோடிக்குக் கேட்கும். மாத்திரை படுக்கப் போகும்போது. இரவில் அழுத்தம் இயல்பாகவே இறங்கும் நேரம் அது. அதோடு மாத்திரையும் சேர்ந்து, மூச்சு நின்று ஆக்சிஜனும் இறங்கினால், ஏற்கெனவே நெருக்கமாக அமைந்த நரம்பு முனைக்கு ரத்தம் போதாமல் போகலாம் என்று விளக்கினார். இவை ஒவ்வொன்றும் எவ்வளவு பங்கு என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் வாதம் உண்டு. ஆனால் மாத்திரை நேரத்தை இதய மருத்துவரைக் கலந்து மாற்றினார்கள். தூக்கப் பரிசோதனையில் ஆப்னியா உறுதியானது.

இப்போது எங்கள் கவலை வலது கண். இப்படி ஒரு கண் பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் மறு கண்ணிலும் வருகிறதாம். அப்பா மாஸ்க்கைக் கழற்றி எறிகிற இரவுகளில் அம்மா இந்தக் கணக்கைச் சொல்லித்தான் மறுபடி மாட்டிவிடுகிறார்.

மில் ஷிப்ட்:

மெஷின் வந்த பிறகு எனக்கு ஏற்பட்ட தொல்லைகளை எழுதுகிறேன். இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

முதலாவது கண் வறட்சி. மாஸ்க் மூக்குத்தண்டின் மேல் சரியாகப் படியாமல், காற்று கசிந்து இரவு முழுவதும் இரண்டு கண்களிலும் ஊதியிருக்கிறது. காலையில் மணல் விழுந்ததுபோல் உறுத்தும், பார்வை மங்கும். நான் பட்டையை இன்னும் இறுக்கினேன். கசிவு அதிகமாயிற்று, மூக்கில் தழும்பும் விழுந்தது. மாஸ்க்கை உட்கார்ந்து போட்டுப் பார்த்தால் போதாது, படுத்துக்கொண்டு, காற்று ஓடும்போது சரிசெய்ய வேண்டும். இப்போது மூக்குத் துளையில் மட்டும் பொருந்தும் வகைக்கு மாறிவிட்டேன், உறுத்தல் இல்லை. சளி பிடித்த நாட்களில் காது அடைத்துக்கொண்டு லேசாகக் கிறுகிறுக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவதுதான் பெரிது. எடையும் குறைந்து, மெஷினும் ஒழுங்காகப் போட ஆரம்பித்த பிறகு, நாற்காலியிலிருந்து எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆப்னியா முற்றிவிட்டது என்றே பயந்தேன். மருத்துவர் படுக்கவைத்து அழுத்தம் பார்த்தார்: மேல் எண் 118. எழுந்து நிற்கவைத்துப் பார்த்தார்: 94. இருபதுக்கு மேல் இறங்கினாலே கணக்கில் எடுக்க வேண்டும் என்றார். தூக்கம் சரியானதால் ரத்த அழுத்தமும் குறைந்திருக்கிறது, நானோ பழைய அளவு மாத்திரைகளையே விழுங்கிக்கொண்டிருக்கிறேன். ஒன்றை அவர் நிறுத்தினார். அவர் நிறுத்தினார் என்பதை அழுத்திச் சொல்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக மாத்திரையை நிறுத்தி வைக்காதீர்கள்.

படி தவறியவன்:

எனக்கும் கிறுகிறுப்பு, எனக்கும் ஆப்னியா. ஆனால் மணிக்கு 6 முறைதான், லேசானது. படி இறங்கும்போது மட்டும் படி மிதக்கும். கடைசியில் காரணம் புதுக் கண்ணாடி. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே வில்லையில் போட்டுக் கொடுத்த கண்ணாடி. கீழே குனிந்தால் கிட்டப் பார்வைப் பகுதி வழியாகப் படியைப் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் அளவைத் திருத்திக் கொடுத்தார், சரியாயிற்று. குறட்டை விடுபவனுக்கு வேறு நோயே வரக் கூடாது என்று சட்டம் இல்லை.

ஒயர் ஒட்டுபவள்:

தூக்க ஆய்வுக்கூடத்தில் இரவுப் பணி எனக்கு. தலையிலும் மார்பிலும் ஒயர் ஒட்டிவிட்டு விடியும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கண் ஓரங்களிலும் ஒட்டுவோம். விழி அங்குமிங்கும் ஓடும் கனவுத் தூக்கத்தை அதை வைத்துத்தான் பிடிக்கிறோம். அந்த நேரத்தில் தொண்டைத் தசைகள் மிகவும் தளர்ந்துவிடும். மற்ற நேரம் ஓரளவு நன்றாக மூச்சு விடுபவரும் அப்போது மாட்டிக்கொள்வார். திரையில் மூச்சுக் கோடு தட்டையாகிக் கிடக்கும், வயிற்றுப் பட்டி மட்டும் இழுத்துப் போராடும், ஆக்சிஜன் எண் சற்றுத் தாமதித்து இறங்கத் தொடங்கும். பத்து நொடி நின்றால்தான் ஒரு முறை என்று எண்ணுவோம். முழு நிமிடம் நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன்.

யாரும் சொல்லாத ஒன்று, கண் நீர் அழுத்த நோய், அதாவது கிளாக்கோமா. ஆப்னியா உள்ளவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. கண் அழுத்தம் இயல்பாக இருந்தும் நரம்பு தேயும் வகையும் அதில் உண்டு. எனவே அழுத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு 'நார்மல்' என்று அனுப்பினால், பார்வை நரம்பையும் பார்வைப் பரப்பையும் சோதிக்க முடியுமா என்று கேளுங்கள். ஏற்கெனவே அந்த நோய்க்கு மருந்து போடுபவர்கள், சிபாப் பயன்படுத்துவதைக் கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இரவில் மெஷின் ஓடும்போது கண் அழுத்தம் சிறிது ஏறலாம். அதற்காக மெஷினை மூட்டை கட்டிவிடாதீர்கள்.

டிரைவர் அண்ணன் சொன்னதோடு ஒன்று. திடீர்த் தலைசுற்றலோடு இரட்டையாகத் தெரிவது, பேச்சுக் குழறுவது, ஒரு கை தளர்வது, நடக்க முடியாமல் சாய்வது, இவற்றில் ஏதாவது சேர்ந்தால் புரண்டு பார்த்துச் சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம். 108.

குண்டுத் தம்பி:

எடை குறைக்கும் ஊசியை ஆப்னியாவுக்கே போடலாம் என்கிறார்களே?

ஒயர் ஒட்டுபவள்:

டிர்செபடைடு ஊசியை, உடல் பருமனோடு மிதமான அல்லது தீவிர ஆப்னியா உள்ள பெரியவர்களுக்கு 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். சர்க்கரைக்கும் எடை குறைக்கவும் போடும் செமாக்ளுடைடு என்பது வேறு மருந்து. அதைப் போடுபவர்களில் மிக அரிதாக, மேலே அக்கா எழுதிய அதே பார்வை நரம்புப் பாதிப்பு வரலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025 ஜூனில் அறிவித்தது. ஊசி போடும் முன் கண்ணின் பழைய கதை முழுவதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள் தம்பி.

திருச்சி வாசகி:

என் கணவருக்கு எல்லாம் பொருந்துகிறது. காலைத் தலைவலி, இடது கண் சிவப்பு, டிவி முன் தூக்கம். பரிசோதனை என்றாலே, "நான் எங்கே குறட்டை விடுகிறேன்?" என்று சண்டைக்கு வருகிறார்.

ஈரோட்டுக்காரன்:

செல்போனில் பதிவு செய்து போட்டுக் காட்டுங்கள் சகோதரி. சத்தத்தைவிட, சத்தம் நின்று கிடக்கும் இடம்தான் முக்கியம். அங்கே எத்தனை நொடி என்று அவரையே எண்ணச் சொல்லுங்கள்.

திருச்சி வாசகி:

போட்டுக் காட்டினேன். 22 வரை எண்ணிவிட்டு, நிறுத்து என்றார். வெள்ளிக்கிழமை இரவு தூக்கப் பரிசோதனைக்கு நேரம் வாங்கியிருக்கிறோம். என்ன கொண்டுபோக வேண்டும்?

ஒயர் ஒட்டுபவள்:

வழக்கமான மாத்திரைகள், பழகிய தலையணை, லுங்கி. மதியத்துக்கு மேல் காபி வேண்டாம், பகலில் தூங்கவும் வேண்டாம். முக்கியமாக, அன்று தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லுங்கள். தேங்காய் எண்ணெய்த் தலையில் எந்த ஒயரும் நிற்பதில்லை. இரவு இரண்டு மணிக்கு நான் டார்ச் அடித்துக்கொண்டு வந்து அவரை எழுப்பி ஒட்ட வேண்டியிருக்கும்.