அடிப்பவன் என் மகன், வீடு என் பெயரில். மருமகளை இங்கேயே வைத்துக்கொள்ள வழி உண்டா?

சத்துணவு டீச்சர்:
ஈரோடு பக்கம் ஒரு சிற்றூர். சத்துணவு அமைப்பாளராக 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சம்பளத்தில் மிச்சம் பிடித்தும் நகையை விற்றும் கட்டிய வீடு, பத்திரம் என் பெயரில். மகன், மருமகள், இரண்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி எல்லாரும் ஒன்றாகத்தான் இருக்கிறோம்.

மகன் மருமகளை அடிக்கிறான். அதற்கு முன்னால் போய் கிரைண்டரைப் போடுவான். உள்ளே அரிசி இருக்காது, வெறும் கல் ஓடும். அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்கு எதுவும் கேட்காது. இப்போது நான் மாவாட்டினால்கூடப் பேத்தி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறாள். மாவைக் கடையில் வாங்குகிறேன்.

மருமகளுக்கு அப்பா இல்லை, அம்மா தம்பி வீட்டில் ஒண்டியிருக்கிறார். "நான் எங்கே போவேன் அத்தை" என்கிறாள். போக வேண்டியது அவளா? பெற்றவள் நானே புகார் கொடுக்கலாமா?

காவிரிக்கரை:
பெற்ற பிள்ளையைக் கோர்ட்டுக்கு இழுத்தால் ஊர் என்ன சொல்லும் அம்மா? கோயிலில் கயிறு கட்டிக் குடியை விட வையுங்கள். சரியாகிவிடும்.

சத்துணவு டீச்சர்:
அவன் குடிப்பதே இல்லை தம்பி. நிதானத்தில்தான் அடிக்கிறான்.

வக்கீல் குமாஸ்தா:
தாராளமாகக் கொடுக்கலாம் அம்மா. 2005-ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் 4-ஆவது பிரிவுப்படி விஷயம் தெரிந்த யாரும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தில் சொன்னவர்மேல் வழக்கு வராது. அந்த அலுவலரைப் பார்க்க, கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாவட்ட சமூக நல அலுவலகம் எங்கே என்று கேளுங்கள். அதற்கு முன்னால் பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசினாலும் வழி சொல்வார்கள்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் 19-ஆவது பிரிவு. அடிக்கிறவனை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். அவசரமென்றால் இடைக்கால உத்தரவும் உண்டு. இனி அடிக்கக் கூடாது என்று கோர்ட் போடும் பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடப்பில் வாய்தா இழுக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். வக்கீலுக்குச் செலவு வேண்டாம். கோர்ட் வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வைத்துத் தருவார்கள்.

ஒன்று, எதைச் செய்தாலும் மருமகளிடம் முதலில் கேளுங்கள். மனு அவருடையது.

ஐந்து நாள்:
அம்மா, நான் அடிபட்டு வந்தவள். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான அரசு உதவி மையமான ஒன் ஸ்டாப் சென்டரில் ஐந்து நாள் தங்கினேன், என் பெயருக்குக் காரணம் அதுதான். அதற்கு முன் போன காவல் நிலையத்தில் இருவரையும் பெஞ்சில் உட்காரவைத்து, "இனி அடிக்க மாட்டேன்" என்று எழுதி வாங்கி ஒரே பைக்கில் அனுப்பி வைத்தார்கள். காவல் நிலையத்தில் மனு கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். காயம் இருந்தால் ஜி.ஹெச்.சில் "கீழே விழுந்தேன்" என்று சொல்லக் கூடாது, யார் அடித்தது என்றே ஏ.ஆர். என்கிற காயப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். நான் விழுந்தேன் என்று சொன்னேன். ஒன்றரை வருடம் அந்த ஒரு வரிக்குப் பதில் சொன்னேன்.

என் மாமியார் கோர்ட்டில் "நான் எதுவும் பார்க்கவில்லை" என்றார். அடுத்த அறையில்தான் இருந்தார். கிரைண்டர் விஷயத்தை நீங்கள் அங்கே சொல்வீர்களா?

வக்கீல் குமாஸ்தா:
சொன்னால் பெரிய விஷயம். வீட்டுக்குள்ளிருந்து சாட்சி வருவது அபூர்வம்.

சத்துணவு டீச்சர்:
சொல்வேன். நேற்று ராத்திரி மருமகளிடம் கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை, அப்புறம் "நீங்களும் கூட வருவீர்களா" என்றாள். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் போகிறோம். ஆதார் நகலும் கல்யாணப் பத்திரிகையும் கையில் இருக்கட்டும் என்று 181-இல் பேசிய பெண் சொன்னார். அவளுடைய ஆதாரை அவன் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறான். அந்தப் பீரோ என் கல்யாணச் சீர். இன்னொரு சாவி என்னிடம் இருப்பது அவனுக்குத் தெரியாது.